தங்கம் போன பிறகும் தங்கிய ஊர்: ஹில் எண்ட்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாதர்ஸ்ட் நகருக்கு வடக்கே மலைகளுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று டாம்பரூரா, இன்னொன்று ஹில் எண்ட். இடையில் சில கிலோமீட்டர்தான். இரண்டையும் பிறப்பித்தது ஒரே தங்கம். ஒரே மாதிரி ஆட்கள்தான் இரண்டுக்கும் ஓடி வந்தார்கள், ஒரே மாதிரிதான் கிளம்பியும் போனார்கள்.

இன்று டாம்பரூரா இருந்த இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டமும், தோண்டித் தோண்டிப் புண்ணான மண்ணும், மரங்களும் இருக்கின்றன. ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஹில் எண்டில் மட்டும் இன்னும் அடுப்பு எரிகிறது. நூறு பேரளவில் அங்கே வாழ்கிறார்கள். 1872இல் கட்டிய ராயல் ஹோட்டல் இன்றும் திறந்திருக்கிறது. சாயங்காலமானால் தெருவோரப் புல்லில் கங்காருக்கள் மேய வருகின்றன.

ஒன்று அழிந்து மற்றது ஏன் நின்றது? இந்த ஊரைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. தங்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அது இரண்டு ஊரிலும் கிடைத்தது, இரண்டு ஊரிலும் தீர்ந்தது. வேறு ஏதோ ஒன்று ஹில் எண்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலம். இது விராஜூரி என்ற பழங்குடி மக்களின் நாடு. வெள்ளையர்கள் நீல மலைகளைத் தாண்டி 1815இல் பாதர்ஸ்ட்டை நிறுவினார்கள். பத்தே ஆண்டுகளுக்குள் ஆடு மாடு வளர்ப்பவர்கள் சமவெளி முழுக்கப் பரவினார்கள். விண்ட்ரடைன் என்ற தலைவரின் கீழ் விராஜூரிகள் எதிர்த்து நின்றபோது, ஆளுநர் பிரிஸ்பேன் 1824 ஆகஸ்டில் அங்கே ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அந்தச் சில மாதங்களில் எத்தனை குடும்பங்கள் செத்தன என்பதற்கு யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. தங்கம் எடுக்க ஆட்கள் குவிந்தது அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கழித்துத்தான். ஆகவே ஹில் எண்டின் கதையை 1851இல் தொடங்குவது பாதிக் கதையைத்தான் சொல்வதாகும்.

சரி, 1851. அந்த ஆண்டு பிப்ரவரியில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் ஓஃபிர் என்று பிறகு பெயர் பெற்ற இடத்தில் தங்கத்தைக் கண்டு ஊரறியச் செய்தார். சில மாதங்களுக்குள் சுற்றுவட்ட ஓடைகள் எல்லாவற்றிலும் தட்டும் மண்வெட்டியுமாக மனிதர்கள். ஜூலையில், ஹில் எண்டுக்கு வடக்கே லூயிசா ஓடைப் பக்கம், கெர் என்ற மருத்துவரின் பண்ணையில் வேலை செய்த பழங்குடி மேய்ப்பர் ஒருவர் வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) பொதிந்த பெரிய தங்கத் திரளைக் கண்டார். கண்டவர் மேய்ப்பர். வரலாற்றில் அதற்கு நின்ற பெயர் பண்ணைக்காரருடையது. ‘கெர் ஹண்ட்ரட்வெயிட்’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்; ஹண்ட்ரட்வெயிட் என்பது ஒரு பழைய எடை அளவு.

டாம்பரூராவிலும் அதே ஆண்டு தங்கம் அகப்பட்டது. அப்போது எடுத்ததெல்லாம் வண்டல் தங்கம். மலையில் இருந்த தங்கம் ஆண்டாண்டு காலமாக மழையில் கரைந்து உருண்டு ஓடை மணலில் படிந்திருக்கும். அதைத் தட்டிலோ தொட்டில் போல ஆட்டும் பெட்டியிலோ போட்டு நீர் விட்டு அரிக்க வேண்டும். மண் போகும், கனத்த பொன் அடியில் நிற்கும். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. உடம்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், அரசுக்கு மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான்.

வண்டல் தங்கத்தின் குணம் ஊரின் குணத்தையும் தீர்மானித்தது. இந்த ஓடை தீர்ந்தால் அடுத்த ஓடை. அதனால் கூடாரம்தான் வீடு. மிஞ்சிப் போனால் மரப்பட்டை வேய்ந்த குடிசை. டாம்பரூரா அப்படி வளர்ந்த ஊர். 1850களின் பிற்பகுதியில் சீனத் தொழிலாளர்கள் அங்கே திரளாக வந்து, மற்றவர்கள் சலித்து விட்டுப்போன மண்ணைப் பொறுமையாக மறுபடி அரித்தார்கள். ‘கோல்டன் கல்லி’ என்ற பள்ளத்தாக்கு இன்றும் இருக்கிறது. களிமண் சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக நிற்க, நடுவே இயற்கையாக அமைந்த ஒரு வளைவு. அந்தச் சுவர்களில் தெரியும் குடைவுகளில் சீனர்களின் கைவேலையும் இருக்கிறது. காலனி அரசு அவர்களுக்குக் காட்டிய நன்றி 1861ஆம் ஆண்டுச் சட்டம்: வந்திறங்கும் ஒவ்வொரு சீனரும் 10 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும்.

ஹில் எண்டுக்கு வாய்த்தது வேறு வகைத் தங்கம். ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹாக்கின்ஸ் ஹில் என்ற மலையின் செங்குத்தான சரிவில், சிலேட்டுப் பாறை அடுக்குகளுக்கு நடுவே வெங்கச்சங்கல் இழைகள் ஓடின. அந்த இழைகளுக்குள்தான் பொன். இதை ஓடையில் அரிக்க முடியாது. கிணறு இறக்க வேண்டும், பாறையில் துளை போட்டு வெடிமருந்து கிட்டித்து உடைக்க வேண்டும், மேலே ஏற்ற வேண்டும். அப்புறம் இரும்பு உலக்கைகள் வரிசையாகக் குத்தும் இயந்திரத்தில் போட்டுக் கல்லை மாவாக்கி, பாதரசத்தோடு சேர்த்துப் பொன்னைப் பிரிக்க வேண்டும். 1850களின் நடுவிலேயே ஹில் எண்டுக்குப் பக்கத்தில் வெங்கச்சங்கல்லைச் சூளை வைத்து வறுத்து, இளக்கி உடைக்கும் முயற்சி நடந்தது. அந்தச் சூளைகளின் கற்கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தொழில் வெற்றி பெறவில்லை. ஆனால் அவ்வளவு கல்லைச் செதுக்கி அடுக்கியவர்கள் ஒரு நாளில் கிளம்புகிற நினைப்போடு வந்தவர்கள் இல்லை.

எனக்கு இதுதான் முதல் விடை. பாறைக்குள் இருக்கும் தங்கம் ஆளை ஓரிடத்தில் உட்கார வைக்கிறது. முதல் போட்டவன் உட்கார்கிறான், இயந்திரம் உட்கார்கிறது, கூலிக்கு வந்தவன் குடும்பத்தை அழைத்து வருகிறான். செங்கல் சுவர் எழும்புகிறது. டாம்பரூராவின் தங்கம் ஓடவிட்டது, ஹில் எண்டின் தங்கம் உட்காரவைத்தது.

அப்படி உட்கார்ந்த இருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது.

பெர்ன்ஹார்ட் ஓட்டோ ஹோல்டர்மன் 1838இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் பிறந்தவர். 1858இல் சிட்னியில் வந்து இறங்கினார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஹாம்பர்க் ஹோட்டல் என்ற விடுதியில் பரிமாறுபவராக இருந்தபோது லூயிஸ் பேயர்ஸ் என்ற போலந்துக்காரரின் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து ஹாக்கின்ஸ் ஹில்லுக்கு வந்தார்கள். ஆண்டுக்கணக்காகத் தோண்டியும் கைக்கு ஒன்றும் வரவில்லை. வெடிமருந்து முந்தி வெடித்து ஹோல்டர்மன் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். வயிற்றுப்பாட்டுக்கு மதுவிடுதி நடத்தினார். 1868 பிப்ரவரி 22 அன்று பாதர்ஸ்ட்டில் நண்பர்கள் இருவரும் எம்மெட் குடும்பத்துச் சகோதரிகளை மணந்து சகலைகள் ஆனார்கள். ஹாரியட்டை ஹோல்டர்மன், மேரியை பேயர்ஸ்.

1871இல் இழை கனத்தது. அதுவரை கடனில் ஓடிய சுரங்கம் பொன்னாகக் கொட்டத் தொடங்கியது. ஹாக்கின்ஸ் ஹில்லின் அந்தச் சின்னச் சரிவு காலனி முழுக்கப் பேச்சானது. சிட்னியில் ஹில் எண்ட் பங்குகளை வாங்கப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். கம்பெனிகள் நாளொன்றாக முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை காகிதத்தில் மட்டுமே இருந்தவை. பணக்கார இழைகள் ஓடியது மலையின் ஒரு குறுகிய பகுதியில்தான். பங்குப் பத்திரங்களோ மலையையே பத்து முறை மூடக்கூடிய அளவுக்கு அச்சாயின.

அந்தச் சமயத்தில் ஊரில் 8,000 பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 28 மதுவிடுதிகள், 5 வங்கிகள், 2 செய்தித்தாள்கள். கிளார்க் தெருவில் கடைக்குக் கடை ஒட்டி நின்றது. தையல்காரர், செருப்புத் தைப்பவர், மருந்துக்கடை, இறைச்சிக்கடை, பியர் காய்ச்சும் ஆலை. பத்து ஆண்டுகளுக்கு முன் ஊரின் பெயரே நிலையாக இருக்கவில்லை. 1860இல் ஃபோர்ப்ஸ் என்று வைத்து, 1862இல் ஹில் எண்ட் என்று மாற்றியிருந்தார்கள்.

1872 அக்டோபர் 19. ஹோல்டர்மன் மேலாளராக இருந்த ‘ஸ்டார் ஆஃப் ஹோப்’ சுரங்கத்தில் ஒரு பாறைப் பாளம் வெளிப்பட்டது. உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், எடை சுமார் 286 கிலோ. வெங்கச்சங்கல்லும் சிலேட்டும் கலந்த அந்தப் பாளம் முழுக்கத் தங்கம் ஓடியிருந்தது. ஒரே துண்டாகக் கிடைத்த பாறைத் தங்கத்தில் உலகிலேயே பெரியது என்று அதைச் சொல்கிறார்கள். மதிப்பு 12,000 பவுண்டு. ஹோல்டர்மன் அதை உடைக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். மதிப்புக்கு மேல் 1,000 பவுண்டு தருகிறேன் என்று கம்பெனியிடம் கேட்டார். கம்பெனி மறுத்தது. பாளம் உலக்கைக்குப் போய் மாவானது.

அந்த மறுப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. மனிதர்கள் கையால் எடுத்த ஒரு அபூர்வத்தை, இன்னொரு அபூர்வம் நாளை வரும் என்ற நம்பிக்கையில் நசுக்கிவிட்டார்கள். ஆனால் பாளத்தின் நிழற்படம் இருந்தது. ஹோல்டர்மன் அதன் பக்கத்தில் நிமிர்ந்து, பாறையின் மேல் கை வைத்து நிற்கும் படத்தை ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள். அது ஒட்டுப்படம். ஆளைத் தனியாக எடுத்து, பாளத்தைத் தனியாக எடுத்து, பின்னணியையும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். உயிர் காக்கும் சொட்டு மருந்து என்று அவர் விற்ற மருந்தின் விளம்பரத்துக்கும் அந்தப் படம் பயன்பட்டது. நிஜமான தங்கம் போய்விட்டது, ஒட்டிச் சேர்த்த படம் நிற்கிறது. ஹில் எண்டின் பிற்காலக் கதைக்கெல்லாம் இதுவே முன்னோட்டம் போல எனக்குத் தெரிகிறது.

இனி நிழற்படக்காரர்கள். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

போஃபாய் மெர்லின் என்பவரும் அவருடைய இளம் உதவியாளர் சார்ல்ஸ் பேலிஸும் 1872இல் ஹில் எண்டுக்கு வந்தார்கள். ‘அமெரிக்கன் அண்ட் ஆஸ்திரலேசியன் போட்டோகிராபிக் கம்பெனி’ என்று பெரிய பெயர் வைத்த ஸ்டுடியோ. மெர்லினின் தொழில்முறை எளிமையானது. ஒரு ஊருக்குப் போவது. தெருத்தெருவாக, வீடுவீடாக, கடைகடையாக முகப்பைப் படம் எடுப்பது. வீட்டுக்காரர்களை வாசலில் நிற்கச் சொல்வது. பிறகு அவர்களுக்கே படத்தை விற்பது.

அன்றைய முறையில் படம் எடுப்பது சாதாரண வேலையில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் கொல்லோடியன் என்ற பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, அது ஈரமாக இருக்கும்போதே கேமராவில் வைத்துப் படம் எடுத்து, காய்வதற்குள் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். அதனால் போகும் இடமெல்லாம் இருட்டறையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். சுரங்க ஊரின் புழுதிக்கும் வெயிலுக்கும் நடுவே, கண்ணாடி உடையாமல், ஒரு தூசி ஒட்டாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் படங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. கொல்லோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் என்பதால் நுணுக்கம் அசாத்தியமாக இருக்கிறது. பெரிதாக்கிக்கொண்டே போகலாம், படம் கலையாது. கடை வாசலில் தொங்கும் வாளிகளின் வரிசை, கதவில் ஒட்டிய அறிவிப்பு, ஜன்னலுக்குப் பின்னால் பாதி மறைந்து எட்டிப் பார்க்கும் ஒரு முகம். மரப்பட்டைக் கூரைக் குடிசை முன்னால் தன்னிடம் இருக்கும் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கையில் பிள்ளையோடு நிற்கும் தாய். அசையாமல் நில்லுங்கள் என்று சொன்னதைப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள், நாய்கள் கேட்கவில்லை. அவை மங்கலாகக் கலைந்து தெரிகின்றன. அந்தக் கலங்கலைப் பார்க்கும்போது, இது அருங்காட்சியகப் பொருளில்லை, ஒரு சாதாரண நாளின் ஒரு கணம் என்பது உறைக்கிறது.

ஹோல்டர்மன் இந்தப் படங்களின் மதிப்பைப் புரிந்துகொண்டவர். பணமிருந்தும் அதைப் பூட்டிவைக்கவில்லை. காலனியின் ஊர்களையும் தொழில்களையும் படமெடுத்து வெளிநாடுகளில் காட்டி, குடியேற ஆட்களை ஈர்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு மெர்லினுக்குச் செலவு செய்தார். மெர்லின் 1873 செப்டம்பரில் இறந்துபோனார். பேலிஸ் தொடர்ந்தார். வடக்கு சிட்னியில் ஹோல்டர்மன் கோபுரம் வைத்து ஒரு மாளிகை கட்டியிருந்தார். 1875இல் அந்தக் கோபுரத்திலிருந்து சிட்னித் துறைமுகத்தின் அகன்ற காட்சியை எடுத்தார்கள். அதற்குப் பயன்படுத்திய சில கண்ணாடித் தகடுகள் ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலம் கொண்டவை. அந்த முறையில் உலகில் எடுத்தவற்றிலேயே மிகப் பெரியவை. தொகுப்புக்கு 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வெண்கலப் பதக்கமும் 1878இல் பாரிஸில் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தன. 1882இல் சட்டமன்ற உறுப்பினரான ஹோல்டர்மன் 1885 ஏப்ரல் 29 அன்று, தன் 47ஆவது பிறந்த நாளிலேயே காலமானார். மாளிகை 1889இலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் பகுதியாக இருக்கிறது. அப்புறம் கண்ணாடித் தகடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊரும் அதற்குள் தேய்ந்துவிட்டது. 1873இலேயே இழைகள் மெலிந்தன. ஆழம் போகப்போகச் செலவு ஏறியது, பொன் குறைந்தது. காகிதக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வங்கிகள் கதவடைத்தன. கிளம்பிப் போனவர்கள் வீட்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தகரம், மரம், செங்கல் எல்லாம் வேறெங்கோ மறுபடி சுவராகவும் கூரையாகவும் ஆகியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக் கொண்டாட்டம், அவ்வளவுதான்.

எல்லோரும் கிளம்பவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பேயர்ஸ் தங்கினார். ஊரின் மேயராக இருந்தார், பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். ஊருக்கு வரும் வழியில் இருபுறமும் மரங்களை நட்டார். ‘பேயர்ஸ் அவென்யூ’ என்று அந்தச் சாலை இன்றும் இருக்கிறது. தங்கம் தீர்ந்துகொண்டிருக்கும் ஊரில், நிழல் தர இருபது ஆண்டாகும் மரத்தை ஒருவர் நடுகிறார் என்றால் அவர் மனசில் என்ன இருந்திருக்கும்? சகலைகள் இருவரில் உலகத்துக்குத் தெரிந்தவர் ஹோல்டர்மன். எனக்கு பேயர்ஸ் மேல்தான் மரியாதை அதிகம்.

அதன் பிறகு ஒரு நீண்ட ஏழ்மைக் காலம். சின்னச் சின்னக் குழிகளில் விடாமல் தோண்டியவர்கள், கொஞ்சம் ஆடு வளர்த்தவர்கள், காய்கறி போட்டவர்கள். 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலை இழந்தவர்கள் நாடு முழுவதும் பழைய தங்க வயல்களுக்குத் திரும்பினார்கள். 1945இல் ஹில் எண்டில் 700 பேர் இருந்தார்கள். அந்த ஏழ்மை ஒருவிதத்தில் ஊரைக் காத்தது. பழையதை இடித்துப் புதியது கட்ட யாரிடமும் காசில்லை. கம்புகளை நட்டு, குறுக்கே மிலாறு வைத்துக் களிமண் அப்பிய சுவர்கள் விரிசலோடு நின்றன. நம் கிராமத்து மண்சுவர் மாதிரியே, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் தலைமுறை தாண்டும் சுவர்கள் அவை.

1947இல் இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். ரஸ்ஸல் டிரைஸ்டேல், டொனால்ட் ஃபிரெண்ட். பழைய தங்க ஊர்களைச் சுற்றிப் பார்த்து வரையலாம் என்று கிளம்பியவர்கள். பக்கத்து ஊரான சோஃபலாவை டிரைஸ்டேல் வரைந்த ஓவியம் நிலக்காட்சி ஓவியத்துக்கான அந்த ஆண்டின் வின் பரிசை வென்றது. ஹில் எண்ட் ஃபிரெண்டைப் பிடித்துக்கொண்டது. அவரும் நண்பர் டொனால்ட் மர்ரேயும் ஒரு மண்சுவர்க் குடிலை வாங்கிக் குடியேறினார்கள். மர்ரே தோட்டம் போட்டார், ஃபிரெண்ட் வரைந்தார். டிரைஸ்டேல் 1948இல் வரைந்த ‘கிரிக்கெட் ஆடுபவர்கள்’ ஆஸ்திரேலிய ஓவியங்களில் மிகவும் அறியப்பட்ட ஒன்று. வெறிச்சோடிய தெரு, உயர்ந்த சுவர்கள், நீண்ட நிழல்கள், நடுவே பந்தாடும் மெலிந்த உருவங்கள். அந்த வெறுமைக்கு மூலம் ஹில் எண்ட்தான்.

பால் ஹேஃப்லிகர், ஜீன் பெல்லட், மார்கரெட் ஆலி என்று பின்னால் பலர் வந்தார்கள். அதுவரை சீரழிந்த ஊர் என்று கடந்துபோன இடம், பார்க்க வேண்டிய இடமாக மாறியது. சிட்னியின் காட்சிக்கூடங்களில் இந்தத் தெருக்கள் தொங்கின. ஒரு கூரை, ஒரு புகைபோக்கி, சாய்ந்த வேலி ஆகியவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று யாராவது ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அங்கேயே குடியிருந்து சொன்னவர்கள் இவர்கள்.

நான்கு ஆண்டுகளில் இன்னொன்று நடந்தது. கீஸ்ட் பர்க் என்ற நிழற்பட இதழாசிரியர், பழைய ஆஸ்திரேலிய நிழற்படங்களைத் தேடிக்கொண்டிருந்தவர், ஹோல்டர்மனின் படங்கள் எங்கே போயின என்று விசாரித்தபடி அவருடைய குடும்பத்தாரைத் தேடிப் போனார். 1951இல் சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில், ஹோல்டர்மனின் மருமகள் வீட்டுத் தோட்டக் கொட்டகையில், பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகள் அகப்பட்டன. ஏறக்குறைய 3,500. பல பத்தாண்டுகள் இருட்டிலேயே கிடந்து, பெரும்பாலும் உடையாமல் இருந்தன. குடும்பத்தார் அவற்றை மாநில நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1966இல் வெளியான ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டில், கவிஞர் ஹென்றி லாசனின் முகத்துக்குப் பின்னால் தெரிந்த, குல்காங் என்ற இன்னொரு தங்க ஊரின் காட்சிகள் இந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆஸ்திரேலியப் பதிவேட்டில் தொகுப்பு இடம் பெற்றது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1967இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஹில் எண்டை வரலாற்றுத் தலமாக அறிவித்து, தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையின் பொறுப்பில் விட்டது. பழைய மருத்துவமனை பார்வையாளர் மையமானது. 1999இல் மாநிலப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அரசு ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது? மாநிலம் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான தங்க ஊர்கள் எழும்பி விழுந்திருக்கின்றன. ஹில் எண்டில் கட்டடங்கள் மிஞ்சியிருந்தன, அது பாறைத் தங்கத்தின் கொடை. கட்டடங்களுக்குள் ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள், அது பேயர்ஸ் போன்றவர்களின் பிடிவாதம். ஆனால் இவை இரண்டும் இருந்து மறைந்த ஊர்களும் உண்டு. ஹில் எண்டுக்குக் கூடுதலாக இருந்தது சாட்சி. இந்த மனையில் இந்தக் கடை இருந்தது, இந்த வாசலில் இவர்கள் நின்றார்கள் என்று வீடுவீடாகச் சொல்லும் சாட்சி. ஓவியர்கள் கண்ணைத் திறந்தார்கள், கண்ணாடித் தகடுகள் ஆதாரம் கொடுத்தன. எடைபோட்டுப் பார்த்தால் மெர்லினும் பேலிஸும் செய்ததுதான் கனமானது என்று நினைக்கிறேன்.

இந்த விடைக்கு ஒரு கசப்பான மறுபக்கம் உண்டு. சாட்சி இருப்பவர்களின் கதை மட்டுமே நின்றது. மெர்லின் காசு கொடுத்துப் படம் வாங்கக்கூடியவர்களின் வாசலில்தான் அதிகம் நின்றார். தொகுப்பில் சீனர்களின் முகங்கள் சில இருக்கின்றன, டாம்பரூராவில் வாழ்ந்த திரளோடு ஒப்பிட்டால் அவை மிகக் குறைவு. விராஜூரிகள் தங்கள் சொந்த நாட்டின் இந்தப் பெரிய படத்தொகுப்பில் ஏறக்குறைய இல்லை. அவர்கள் கண்ட தங்கம் பண்ணைக்காரர் பெயரில் நின்றதைப் போலவே இதுவும். ஹில் எண்டைத் தேடிப் போகிறவர்கள் கோல்டன் கல்லிக்கும் டாம்பரூராவின் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். படம் இல்லாதவர்களின் பதிவு மண்ணில்தான் இருக்கிறது.

ஊரைப் பாதுகாப்பதும் சுலபமான வேலையில்லை. ஒரே ஊரில் துறையின் கட்டடங்களும் தனியார் வீடுகளும் கலந்து நிற்கின்றன. வரலாற்றுத் தலம் என்றால் விரிசலும் வரலாறுதான். குடியிருப்பவருக்கோ அது குளிர்காலத்தில் காற்று நுழையும் ஓட்டை. எதைச் செப்பனிடலாம், எதை அப்படியே விடவேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு சுவருக்கும் எழும். 2006 கணக்கெடுப்பில் 166 பேர் இருந்த ஊர் அது, அதன் பிறகு எண்ணிக்கை மேலும் இறங்கியிருக்கிறது. கட்டடங்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. குடித்தனத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம் கிடையாது. பாதர்ஸ்ட் கலைக்கூடம் 1990களிலிருந்து ஓவியர்களை அழைத்துச் சில வாரங்கள் அங்கே தங்கி வேலை செய்ய வைக்கிறது. மர்ரேயும் ஃபிரெண்டும் இருந்த குடிலிலேயே இப்போது புதிய ஓவியர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள்.

கிளார்க் தெருவில் இன்று நடந்தால் கட்டடங்களைவிடக் காலி மனைகள்தான் அதிகம். பல மனைகளின் முன்னால் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் மெர்லின் கம்பெனி எடுத்த படம்: அதே இடத்தில் 1872இல் நின்ற கடை, பெயர்ப்பலகை, வாசலில் முதலாளி, கடைப்பையன், கலங்கிப்போன ஒரு நாய். பலகைக்குப் பின்னால் புல்.